பிறேக் இல்லாத சைக்கிளும் இரண்டு நேர்த்தியும்

என் மகள் மெல்பேர்ணில் படிக்கிறாள். உடுவிலில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளிலேயே திரிந்தவள். அங்கே அவள் போட்டிக்கு ஓடுவது வேறு மாதிரிச் சைக்கிள். அதற்குப் பிறேக் இல்லை. சில்லுச் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை ஓயவிட முடியாது. ஓடுகிற பாதையும் தட்டையானதல்ல. பெரிய மரக் கிண்ணத்தின் உட்பக்கம் போலச் சரிந்திருக்கும். போன வருடம் முன்னால் போனவளின் சில்லில் முட்டி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள்.

அது பொருந்திய பிறகு இதுதான் முதல் போட்டி. கைபேசியில் நேரடியாகக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு மச்சாள், என் கணவரின் அக்கா, வந்து கதிரையில் இருந்தா. எனக்கு இருக்க முடியவில்லை. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு, கூட்டிய விறாந்தையையே திரும்பவும் கூட்டினேன்.

ஒரே நாளில் நாலு ஓட்டம். எல்லாப் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதலாவதில், கடைசிச் சுற்று முடியும்போது யார் முன்னுக்கு என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாவதில் சுற்றுக்குச் சுற்று முன்னுக்கு வருபவளுக்குப் புள்ளி. அந்த இரண்டும் முடிவதற்குள் முற்றத்தையும் கூட்டிவிட்டேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆகக் கடைசியாக வருபவளை வெளியே எடுத்துவிடுவார்கள். வெளியே வந்தவள் விழமாட்டாள்.

"பிள்ளை வெண்டால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் எண்டு நேர்ந்திருக்கிறன்," என்றா மச்சாள். "நீர் என்ன நேர்ந்தனீர்?"

"நானும் தேங்காய்தான். ஒண்டு. வேளைக்கு வெளியிலை வந்தால்."

"உமக்கென்ன விசரே? பிள்ளையார் இப்ப ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

"நீங்கள் நூற்றெட்டெல்லே. உங்கடையைத்தான் கேப்பார்."

ஒவ்வொரு முறையும் மகள் கடைசியில் நின்றாள். ஒவ்வொரு முறையும் கோட்டுக்குக் கிட்ட வரும்போது யாரோ ஒருத்தியைத் தாண்டினாள். நான் படலைவரை போய்ப்போய் வந்தேன். நாலு பேர் மிஞ்சியபோது அவளை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் நானும் ஒரு கதிரையில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே வீடியோ அழைப்பு எடுத்தாள். முகம் முழுக்க வியர்வை.

"உள்பக்கத்திலை மாட்டுப்பட்டுப் போனன் அம்மா."

"தோள் நோகுதோ?"

"இல்லை. மாமி அழுறா, நீங்கள் சிரிக்கிறீங்கள். நான் வெளியிலை வரோணும் எண்டு கும்பிட்டனீங்களோ?"

எனக்குச் சட்டென்று பொய் வராது. "ஓம்," என்றேன்.

அவள் துவாயால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க நெடுநேரம் எடுத்தது.

"கடைசி ஓட்டத்திலை ஒருத்தரையும் எடுக்கமாட்டினம்," என்றாள். "பத்துச் சுற்றுக்கு ஒருக்கால் புள்ளி. முடியுமட்டும் எல்லாரும் ஓடோணும். அதுக்கு என்ன நேரப்போறீங்கள்?"

இருபது பேர். நெருக்கியடித்துக்கொண்டு இருபது சோடிச் சில்லுகள்.

"முன்னுக்கே ஓடு பிள்ளை," என்றேன். "உனக்கு முன்னாலை ஆரும் இல்லாட்டி, ஆற்றை சில்லிலையும் முட்டமாட்டாய்."

அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"அதைத்தானே நானும் பிள்ளையாரிட்டைக் கேட்டனான்," என்று மச்சாள் மூக்கை உறிஞ்சினா.

"இல்லை மச்சாள், நான் கேட்டது வேறை," என்றேன். ஆனால் கைபேசியில் அந்த இருபது பேரும் புறப்பட்டபோது, கூட்டத்தின் முன்பக்கத்தில்தான் அவளைத் தேடினேன்.