சலூனில் தூங்கக் கூடாது

சலூன்காரருக்குத் தெருவில் 'எழுப்பி' என்று பெயர். பின்னே என்ன? தலையில் கை பட்டாலே சொக்கிப் போகிறவர்கள்தான் சலூனுக்கு வருகிறார்கள். இந்த மனுஷனோ, கண் அசந்தால் போதும், தோளைப் பிடித்து உலுக்கிவிடுவார். "அண்ணே! காது கேக்குதா? பதில் சொல்லுங்க!" என்று அவர் போடும் கூச்சலில் பக்கத்துக் கடைத் தையல்காரர் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டதுண்டு. "தூங்கறதுக்குன்னே வர்றேன்யா, விடமாட்டியா?" என்று திட்டாத ஆளில்லை. திட்டிக்கொண்டே அடுத்த மாதமும் அவரிடம்தான் வருவார்கள். அவ்வளவு பதமான கை.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, அதே தெருவில் குடியிருந்த கொரியர்காரர் இதே நாற்காலியில் தலை சாய்ந்தார். கர்ர்... கர்ரென்று குறட்டை. அலைந்து களைத்தவர், தூங்கட்டும் என்று இவர் ரேடியோவைக் குறைத்தார், ஃபேனைக் கூட்டினார், நுரையைக்கூட மெல்ல ஒற்றியெடுத்தார். இதயம் நின்றுபோனவர் மூச்சுக்குத் திணறிய சத்தம் அது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் உலுக்கிப் பார்த்தார்; உயிர் போயிருந்தது. ஐயோ, அந்த ஐந்து நிமிடம்!

கொரியர்காரரின் மனைவியிடம், "திடீர்னு ஆயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொண்டார். இப்போது கடை விடுமுறை நாளில் சலூனிலேயே தெருக்காரர்களுக்கு வகுப்பு. பழகுவதற்கு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய ரப்பர் பொம்மை.

போன வாரம் அந்த வகுப்புக்குக் கொரியர்காரரின் மனைவி வந்துவிட்டார்.

எழுப்பி பொம்மையைத் தரையில் கிடத்தினார். குறட்டையைப் பற்றிச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு வீட்டிலும் அதே கதைதான். பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"குறட்டை மாதிரி கேக்கும். தூக்கம்னு நெனச்சிராதீங்க. உலுக்குங்க. முழிக்கலன்னா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லிட்டு, உடனே எண்ணிக்கிட்டே நெஞ்சை அழுத்துங்க. நான்..." அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னார். "நான் அஞ்சு நிமிஷம் அவரைத் தூங்க விட்டுட்டேம்மா."

அவர் அழுதுவிட்டார்.

அந்தப் பெண் எழுந்து வந்து பொம்மையருகே மண்டியிட்டார். அதன் நெஞ்சில் கை வைத்தார்.

"வீட்டுலயும் அவரு அப்படித்தாண்ணே குறட்டை விடுவாரு. நானா இருந்தா போர்வைகூடப் போத்தி விட்டிருப்பேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழாம எண்ணுங்க. நான் அழுத்தறேன்."