பீரோவுக்குள் இருந்த காது மெஷின்

காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் தம்பிதுரை யாருக்கும் அடங்கிப் பேசுகிறவர் இல்லை. லோடு தாமதமானால் லாரிக்காரன் பாடு திண்டாட்டம்தான். அப்படிப்பட்ட மனுஷன் அன்று கோயமுத்தூர் டாக்டர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் மனைவி ராசாத்தாள். இருபது வருசம் மில் இரைச்சலுக்குள்ளேயே நின்று கொப்பரை எடை போட்டவள். அதில் காது மந்தமாகிப் போனது. இப்போது ஞாபகமும் தப்புகிறது. போன வாரம் கடைக்குப் போனவள், வீட்டுக்குத் திரும்பும் சந்து தெரியாமல் முக்கிலேயே நின்றிருக்கிறாள்.

"இப்பத்தானுங்க ஆரம்பம்," என்றார் டாக்டர். "பிரஷரைக் கட்டுல வையுங்க. தினமும் நடக்கட்டும். நாலு பேருகிட்டப் பேசிப் பழகட்டும். முக்கியமா காதைப் பாருங்க. காது கேக்கலீன்னா ஆளு ஒதுங்கிருவாங்க. அதுவும் மறதியைக் கொண்டாந்து விட்டுரும். மெஷின் எதும் வாங்கலீங்களா?"

"அஞ்சு வருசம் முந்தியே வாங்கிக் குடுத்தனுங்க," என்றாள் மகள் சண்முகப்பிரியா. "அம்மாதான் தொலைச்சுப்போட்டாங்க."

தம்பிதுரைக்குத் திக்கென்றது.

அவள் தொலைக்கவே இல்லை. பிரியாவைப் பெண் பார்க்க வந்த அன்று அவர்தான் கழற்றச் சொன்னார். "ஆத்தாளுக்கு டமாரக் காதுன்னா புள்ளைக்கும் வரும்பாங்க. கல்யாணம் முடியட்டும், மாட்டிக்க." அவளும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கல்யாணம் முடிந்து இரண்டு முறை கேட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். பதில் காதில் விழாததால், எங்கே போனீர்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்பது நின்றுபோனது அவருக்குச் சவுகரியமாக இருந்தது. "எங்கூட்டு ரேடியோவ ஆஃப் பண்ணிப்போட்டனப்பா," என்று மில்லில் சொல்லிச் சிரித்தார். கேட்டது ஒன்று, ராசாத்தாள் சொன்னது ஒன்று என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவள் வாசலுக்கு வருவதையே விட்டாள். மகள் போனில் விசாரித்தபோது, தொலைத்துவிட்டாள் என்று வாய் கூசாமல் சொன்னவரும் அவர்தான்.

திரும்பும்போது காரைப் பிரியா ஓட்டினாள். பல்லடம் தாண்டியதும் தம்பிதுரை தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, மெஷினை உங்கம்மா தொலைக்கல. பீரோவுல கெடக்குது. நாந்தான் வெச்சுப் பூட்டினேன்."

பிரியா காரின் வேகத்தைக் குறைத்தாள். "அஞ்சு வருசமாங்கப்பா?" என்றாள் பிறகு. அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. பின் சீட்டில் ராசாத்தாள், எதுவும் காதில் விழாமல் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். வழியில் வாங்கிய பேட்டரியைப் போட்டு, அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள் பிரியா.

"கேக்குதா?" என்று பழக்கதோஷத்தில் கத்தினார் தம்பிதுரை.

"ஏனுங் கத்தறீங்க? பக்கத்துலதானுங்க நிக்கறேன்."

பிரியா சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ராசாத்தாள் காதைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"ஆராச்சும் வந்தாச் சொல்லுங்க. கழட்டிக் குடுத்தர்றேன்."

தம்பிதுரை அந்த முந்தானையைப் பிடித்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"ஆரு வந்தாலும் இருக்கட்டும் புள்ள," என்றார்.