மாமன் சிரித்த மூன்று நாட்கள்

என் தாய்மாமனுக்குச் சிரிக்க வராது. வேடிக்கையாகப் பேசி ஊரையே சிரிக்க வைப்பார். தான் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் சாவதற்கு முன் மூன்று நாள் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளைக்காரன் காலம், மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு.

அம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்களூரில் மண்ணில் இரும்பு படக்கூடாது. களை வெட்டினாலும் குற்றம், கிழங்கு தோண்டினாலும் குற்றம். எட்டு நாளும் கொத்தும் மண்வெட்டியும் பரணில் கிடக்கும். மாமனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? காட்டு வள்ளிக்கிழங்கென்றால் அவருக்கு உயிர்; எனக்கும்தான். இரண்டாம் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் போய்க் கொத்தை ஓங்கினார். அது அவர் கால்விரல் இடுக்கில் இறங்கியது. ரத்தம் அதிகமில்லை. சாணியை அப்பிக்கொண்டு, "ஆருகிட்டயும் சொல்லிப் போடாத கண்ணு. கோயில் முன்னால நிக்க வெச்சு மானத்தை வாங்கிப் போடுவாங்க" என்றார். கிழங்கைச் சுட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். வாயை மூடிக்கொள்ள எனக்குக் கூலி கிடைத்தாயிற்று.

காயம் மேலாக மூடிக்கொண்டது. நோன்பு முடிந்து விருந்துக்கு உட்கார்ந்தபோது மாமனால் சாமைச்சோற்றை மெல்ல முடியவில்லை. தாடை திறக்கவில்லை. ஏதோ வித்தை காட்டுகிறார் என்று எல்லோரும் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். மறுநாள் காலையில் உதடு இரண்டு பக்கமும் இழுத்து, பல் வரிசை முழுதும் தெரிய, புருவம் மேலேறிச் சிரித்தபடி படுத்திருந்தார். வாசலில் அம்மா கை நழுவிக் குடத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் பாயில் நின்றன. அப்போதும் சிரிப்பு மாறவில்லை.

காட்டுக்குள் இருக்கும் பாவைத் தெய்வம் சிரித்தால், பார்த்தவன் பிழைக்க மாட்டான் என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். பாவையின் சிரிப்பு மாமன் முகத்தில் ஏறிவிட்டதென்று ஊர் முடிவு கட்டியது. உடுக்கைக்காரரைக் கூட்டி வந்தார்கள். உடுக்கையின் ஒவ்வொரு அடிக்கும் மாமன் வளைந்தார். அவர் வளைய வளைய, பாவை ஆடுகிறாள் என்று இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மலையிறங்கிப் போய், அடுத்த நாள் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு கம்பவுண்டரை அழைத்து வந்தார். வந்தவர் முதலில் உடுக்கையை நிறுத்தச் சொன்னார். படலைச் சாத்தி இருட்டாக்கச் சொன்னார். மாமன் காலிலிருந்த கம்பளியை விலக்கப் போனார். கை பட்டதுமே உடம்பு முறுக்கிக்கொள்ள, அப்படியே விட்டுவிட்டார்.

"பத்து நாளைக்குள்ள இரும்பு எங்கியாச்சும் கிழிச்சுதுங்களா? அப்படீன்னா இது ரணஜன்னிங்க. டோலி கட்டி இப்பவே சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, அதுக்கு ஊசி இருக்குதுங்க. காயமில்லீன்னா மூளைக்காச்சலா இருக்கும். ஆளை அசைக்கவே கூடாது. வழியிலயே உசுரு போயிரும்."

"காப்புக் கட்டின பொறவு இரும்பை ஆருங்க தொடுவாங்க? காயமெல்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா.

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாச்சும் தெரியுமா கண்ணு?"

மாமன் என்னையே பார்த்தார். பல்லிடுக்கில் ஏதோ முனகினார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "இல்லீங்க" என்றேன். வாக்கைக் காப்பாற்றியதற்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

கம்பவுண்டர் ஒரு புட்டி மருந்து கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் மாமன் போய்விட்டார். கிழங்கைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்தச் சிரிப்பை நோய்தான் இழுத்து வைத்தது என்பதும், அந்த நோயில் கடைசிவரை புத்தி தெளிவாகவே இருக்கும் என்பதும், நான் வளர்ந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தன. அன்று அந்த முகத்தில் மாமனுக்கென்று மிச்சமிருந்தவை கண்கள் இரண்டும்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவை கெஞ்சியிருக்க வேண்டும். நான் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.