சார்ஜன் வீட்டுப் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

தெமோதரைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், ஹாலிஎலயில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தார். "நம்ம சார்ஜன் ஐயா காலமாயிட்டாருங்க," என்றார். நான் வாய் திறப்பதற்குள், "கருமாதிக்கு நினைவு மலர் ஒண்ணு அடிக்கிறோம். நீங்க அவரோட பொலிசுல இருந்தவரு. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க," என்றும் சொல்லிவிட்டார். சாவுச் செய்தியோடு வேலையையும் சேர்த்துக் கொடுக்கத் தலைவர்களுக்குத்தான் வரும். எழுதுகிறேன். நல்ல வார்த்தைகள் சார்ஜன் பரமசிவம் அண்ணனுக்கு, மீதி கமிட்டிக்கு.

வடக்கில் ஒரு பொலிஸ் நிலையத்தில் அவர் சார்ஜன், நான் ஜீப் சாரதி. தமிழில் முறைப்பாடு எழுத அங்கே அவரை விட்டால் ஆளில்லை. அந்தக் குற்றத்துக்காகவே அவருக்கு லீவு கிடைக்காது. தன் ஒன்றுவிட்ட மச்சானின் கல்யாணத்துக்கெல்லாம் ஊருக்குப் போய்வரும் பொறுப்பதிகாரி, அண்ணன் தீபாவளிக்கு லீவு கேட்டால் மட்டும் கடமையைப் பற்றிப் பேசுவார். பொழுது சாயும்போது அண்ணன் கேட்டருகே வந்து நிற்பார். "இந்நேரம் எங்க தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடை போட்டு முடிச்சிருப்பாங்கடா. ஆறு மணிக்கு மேல எங்க லயத்து வீடுங்கள்ல ஒரு சத்தம் கெடையாது. பென்சனுக்கு அப்புறம் வாசல்ல பிளேன்டீயோட உக்காந்திருக்கணும். ஒருத்தன் என்னையக் கூப்பிடக் கூடாது," என்பார். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பென்சன் வந்தது. ஊருக்குப் போனார். அங்கே கமிட்டி காத்திருந்தது.

நம் ஆட்களுக்கு மரியாதை என்றால் சத்தம். மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள், அதோடு விட்டிருக்கலாம். கோயில் ஸ்பீக்கரைக் கழற்றி அவர் லயத்துக்கு எதிரே கம்பத்தில் கட்டினார்கள். "ஐயா வீட்டுப் பக்கம் திருப்பியாச்சு. சாமி பாட்டு இனி மொதல்ல உங்க வாசலுக்குத்தான்," என்றார் தலைவர். அந்தியில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் வரை ஓயாது. சாமிக்கே காது வலித்திருக்கும்.

ஒருமுறை நான் பார்க்கப் போனபோது, நலம் விசாரிக்கவே இருவரும் கத்த வேண்டியிருந்தது. அந்த நேரம் தலைவரும் வந்தார். "தலைவரே, கொஞ்சம் கொறச்சு வையுங்களேன்," என்று அண்ணன் கெஞ்சினார். கலவரக் கூட்டத்தை ஒரு அதட்டலில் கலைத்த மனிதர்! "கொறச்சா ஐயாவுக்கு மரியாதை கொறஞ்சிருச்சுன்னு ஊரு பேசுமுங்களே," என்று சிரித்தார் தலைவர். அடுத்த வாரம் இரண்டாவது ஸ்பீக்கரும் ஏறியது. மூளைக்குப் பதிலாக வயர் வைத்திருப்பவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க?

அதன்பிறகு அண்ணன் அந்தி சாய்ந்தால் தெமோதரை ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார், சொந்த வீட்டை விட்டு ஓடிவந்தவராக. "ஊருக்கு வந்துட்டேன்டா. சாயங்காலந்தான் இன்னும் வரல," என்று அங்கே வைத்துத்தான் என்னிடம் சொன்னார்.

சாவு வீட்டுக்கு நான் போனபோது இரண்டு ஸ்பீக்கரும் காலையிலிருந்தே அலறிக்கொண்டிருந்தன. அந்தியில் பாட்டை நிறுத்திவிட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நாட்டைக் காத்த சிங்கம்" என்று தொடங்கினார். பெட்டியருகே உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து உள்ளே போனார். விறகுக் கத்தியோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே கம்பத்தடிக்குப் போய் வயரை வெட்டினார்.

"அவரு கேட்டது இது ஒண்ணுதான். இன்னிக்காவது குடுங்க," என்றார்.

தலைவர் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். மைக் இல்லாமல் அவர் குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இருட்டும்வரை அந்த வாசலில் ஒருவரும் பேசவில்லை.

பரமசிவம் அண்ணன் உத்தியோகக் காலமெல்லாம் ஆசைப்பட்ட சாயங்காலம் அது. அவர் பெட்டிக்குள் கிடந்தார், நாங்கள் உட்கார்ந்து அனுபவித்தோம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சாயங்காலந்தான். அதில் கமிட்டிக்குப் பங்கு கிடையாது.