மாமரத்து இலைக்கன்களும் ஜெனரேட்டர் குழாயும்

எங்கள் தொடர்மாடியின் செயலாளரே, அந்த மாமரங்களைச் சுரண்டச் சொன்னவர் நீங்கள்தான். தேருக்காக என்றீர்கள். நான் நம்பவில்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். இலைக்கன் என்ற சொல்லையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன். என் மனைவி உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில், முதல் மாடியில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே, பின்மதிலோரம் நின்ற மாமரங்களின் பட்டையில் சாம்பல் நிறத்தில் படை படையாக ஏதோ இருந்தது. மரத்துக்குத் தேமல் வந்திருக்கிறது என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"தேமலோ? அது ஒரு குடும்பமப்பா. பங்கசு, அதுதான் பூஞ்சணம், வீடு கட்டிக் குடுக்கும். அல்கா எண்ட பாசி வெளிச்சத்தில சமைக்கும். ரெண்டும் ஒண்டாச் சேர்ந்து இருக்கிறதுதான் இலைக்கன்."

"அப்ப நீர்தான் அல்கா."

"ஓம். நீங்கள் சமைச்ச நாள் ஒண்டும் எனக்கு ஞாபகத்தில இல்லை."

துணி அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் பின்னால் போனேன். பட்டையில் தெளித்தாள். செத்துக் காய்ந்தது போலக் கிடந்த சாம்பல் படை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. அதன் விளிம்பை ஒரு விரலால் தடவினாள். குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதற்கு வேர் கிடையாது என்று சொன்னாள். மழையிலும் காற்றிலும் வருவதைத்தான் குடிக்கும். மர இலைக்கு மேலே மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கும், நச்சைக் கொஞ்சமாவது தடுக்கும். இலைக்கனுக்கு அதுவும் இல்லை. புகையில் உள்ள கந்தகமோ வேறெதுவோ, வந்ததெல்லாம் உள்ளே போகும், வெளியே தள்ளவும் தெரியாது. அதனால்தான் காற்று கெட்டால் முதலில் சாவது அதுதானாம்.

"அதுகளுக்கு வாயை மூடத் தெரியாது," என்றாள். "உங்களுக்கும்தான்."

அவளுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, ஆஸ்துமா. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து லொறிகள் ஓயாமல் போகிற வீதியில். ஒருமுறை அங்கே ஒரு சாவீட்டுக்குப் போனபோது, அவர்களுடைய பழைய வீட்டுக்கு முன்னால் நின்ற மரத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். அடிமரம் மொட்டையாகக் கறுத்துப்போய் இருந்தது. ஒரு பொட்டு இலைக்கன்கூட இல்லை. அவள் அதில் கையை வைத்தபடி நின்றாள்.

"இதில ஒண்டும் உயிரோட இருக்கேலாது," என்றாள். "நான் எப்பிடி இருந்தனான் எண்டு தெரியேல்லை."

வெள்ளவத்தைக்கு வந்தபின் இழுப்பு தணிந்திருந்தது. கடற்காற்று என்று அவள் சொல்வாள். பிறகுதான் நீங்கள் ஜெனரேட்டர் குழாயைத் திருப்பினீர்கள். முன்வாசலில் மணக்கிறது, வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று, ஒரு முழங்கைக் குழாயைப் பூட்டிப் புகையைப் பின்பக்கம் விட்டீர்கள். அது முதலாவது மாமரத்தில் அடித்து எங்கள் ஜன்னலுக்கு ஏறியது. கரண்ட் போகிற நேரமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்வையில் இருந்தோம். புகையின் கறுப்பைப் பார்த்தே இன்ஜெக்டர் பழுது என்று சொன்னேன். நான் கடை வைத்திருப்பதே அதற்குத்தான். யாரும் கேட்கவில்லை.

முதலாவது மரத்தின் இலைக்கன்கள் வெளிறி, விளிம்பு மடிந்து, பொருக்காக உதிரத் தொடங்கின. கடல் பக்கத்தில் நிற்கிற கடைசி மரத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவள் உங்களைக் கூட்டிவந்து காட்டினாள். அவள் கையில் வைத்திருந்த லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தீர்கள்.

"டீச்சர், இது காலி வீதிப் புகையாயிருக்கும்."

"ஐயா, குழாயைத் திருப்ப முந்தியும் காலி வீதி அங்கதானே இருந்தது? அப்ப இதெல்லாம் நல்லா இருந்ததுகள்."

"சரி, சரி. கொமிட்டியில கதைப்பம். படம் கிடம் எடுத்து வச்சிருக்கிறியளோ?"

"இல்லை ஐயா. மரம்தானே நிக்குது. ஆரும் வந்து பாக்கலாம்."

அவள் அப்படித்தான். மரம் நிற்கிறது என்றால் அது போதும் என்று நினைக்கிறவள்.

அந்தக் கிழமையே நான் கடையிலிருந்து வந்தபோது எல்லா மரங்களும் நெஞ்சளவுக்கு வெள்ளையாக நின்றன. கம்பிப் பிரஷ்ஷால் பட்டையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இலைக்கன் முழுக்க நிலத்தில் தூளாகக் கிடந்தது. நான் படியேறி உங்கள் கதவைத் தட்டினேன்.

"தேர் வருகுதெல்லே தம்பி," என்றீர்கள். "ஊத்தை மரத்தை வச்சுக்கொண்டு சுவாமிக்கு முன்னால நிக்கலாமோ?"

தேர் வரும் காலத்தில் மதில் கழுவுவதும், அடிமரத்துக்கு வெள்ளை அடிப்பதும், வாசலில் கும்பம் வைப்பதும் எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் தேர் போவது காலி வீதியால். இந்த மரங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கின்றன. சுவாமி ஜெனரேட்டர் பார்க்கப் பின்பக்கம் வருவாரோ என்று கேட்டேன். இன்னும் கேட்டிருப்பேன். அவள் வந்து என் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கீழே போய், சுண்ணாம்பில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"திரும்ப வர எவ்வளவு காலம் செல்லும்?" என்று கேட்டேன்.

"ஒரு வருசத்துக்கு நகநுனியளவு வளர்ந்தாப் பெரிசு. அதுவும் புகை நிண்டால்."

அன்று அவளுக்கு இழுப்புக் கூடிவிட்டது. மூச்சுக்கான மருந்துப் பம்பை எடுத்து இழுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து இருந்தாள். நான் இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மூச்சு வாங்க வாங்க, "பங்கசும் சமைக்கப் பழகியிட்டுது, சீனி மட்டும் போட மறந்திட்டுது," என்றாள். நான் போய்ச் சீனி எடுத்து வந்தேன். அவள் மூச்சு சீராகும்வரை பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். அதைவிட எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

தேர் வந்து போனது. அதன்பின் கரண்ட் அடிக்கடி போனது. ஒரு காலையில் அவள் ஜன்னலில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ."

முதலாவது மரத்தில், குழாயைப் பார்த்த பக்கச் சுண்ணாம்பு அடுப்புக்கல் போலக் கறுத்திருந்தது. அடுத்த மரத்தில் கறுப்புக் குறைவு. கடைசி மரம் அடித்த அன்றைக்கு இருந்த வெள்ளையோடே நின்றது.

"இப்ப லென்ஸும் தேவையில்லை, டீச்சரும் தேவையில்லை," என்றாள். சிரித்தாள். இந்தமுறை இருமாமல் சிரித்தாள்.

நான் படம் எடுத்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரரும் எடுத்தார். சுண்ணாம்பை மறுபடி அடித்தாலும் இனிப் பயனில்லை.

என் மனைவிக்கு மூச்சு வேண்டும். எனக்கு அவள் வேண்டும். இதில் வேறு அரசியல் இல்லை. ஆகவே செயலாளரே, எனக்குத் தனியாகப் போன் எடுக்காதீர்கள். லிஃப்ட்டில் தோளில் தட்டாதீர்கள். வருகிற பொதுக்கூட்டத்தில், எல்லாக் குடும்பங்களுக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: படம் இருக்கிறதா என்று அன்று ஏன் கேட்டீர்கள்? குழாயைக் கூரைக்கு மேலே எப்போது ஏற்றுவீர்கள்? அவள் முன்வரிசையில் இருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.