பேச்சியக்கா வாங்கிய ஏச்சு

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. நம் பள்ளியில் சமையல் செய்த பேச்சியம்மாள் காலையில் தவறிவிட்டார் என்று ஒரே வரி. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். பத்து நிமிடத்தில் யாரோ யூனிஃபார்ம் அளவெடுப்பது என்றைக்கு என்று கேட்டார்கள். பேச்சு அங்கே போய்விட்டது. வண்டிப்பெரியாரில் என் வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து அழ வீட்டில் ஆள் இல்லை.

அவரை அறிந்த நம் எஸ்டேட் ஆட்களாகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளியில் நான் தமிழ் டீச்சர், அவர் சமையல். பிள்ளைகள் சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்தே யார் வீட்டில் சண்டை, யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். "வாய் பொய் சொல்லும் டீச்சர், தட்டு சொல்லாது" என்பார். நான் சிரிப்பேன். பி.எட். படித்தவள் வேறென்ன செய்வாள்?

என் மகள் சுகன்யா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கொய்யா மரத்திலிருந்து இடப்பக்கமாக விழுந்தாள். சிராய்ப்பு ஆறியது, இடது தோள்வலி மட்டும் போகவில்லை. நம் லயத்து வீடுகளில் தோள்வலி இல்லாதவர் யார்? தேயிலைக் கொழுந்து மூட்டை சுமக்கிற ஊரில் அது ஒரு நோயே இல்லை. சுளுக்கு என்று நானே முடிவுகட்டி, எண்ணெய் காய்ச்சி எட்டு நாள் நீவினேன். படுத்தால் வலிக்கிறதென்று பிள்ளை உட்கார்ந்தே தூங்கினாள். அடம் பிடிக்கிறாள் என்று அதட்டினேன். கணவர் அன்றும் வளைகுடாவில்தான் இருந்தார். கலந்து பேச ஆள் இல்லை, கேட்டுக்கொள்ளும் பணிவும் எனக்கு இல்லை.

எட்டாம் நாள் மதியம் பேச்சியக்கா கரண்டியும் கையுமாக என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், இவ கைய நல்லாத்தேன் தூக்குறா. ஆனா மூணு நாளா ரெண்டு வாய் தின்னதும் வயிறு முட்டிருச்சுங்குறா. மொகமும் வெளுத்துக் கெடக்கு. நோவு தோள்ல இல்ல."

"சுளுக்குதான் அக்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"சுளுக்குக்கு எதுக்கு வயிறு முட்டுது?"

பதில் தெரியாததால் கோபம் வந்தது. "நீங்க அடுப்பப் பாருங்க" என்றேன். அவர் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. சுகன்யாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து ஒரு ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினார். நான் பின்னால் ஓடினேன்.

கோட்டயத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். விழுந்ததில் மண்ணீரல் கிழிந்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த வலி தோளில் தெரியுமாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்து, எட்டு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் வைத்திருந்தது யார் என்று கத்தினார். நான் பேச்சியக்காவைப் பார்த்தேன்.

"நாந்தேன் சார். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பேச்சியக்கா.

தலையைக் குனிந்தபடி அத்தனை ஏச்சையும் அவரே வாங்கிக்கொண்டார். அங்கே யாரையோ பார்க்க வந்திருந்த நம் எஸ்டேட் ஆட்களும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நாங்கள் திரும்புவதற்குள் கதை லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மா இல்லை. முன்பெல்லாம் முட்டித் தோல் பெயர்ந்த பிள்ளைகள் நேரே சமையலறைக்குத்தான் ஓடுவார்கள். பிறகு, "அவளத் தொட விடாதீங்க" என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பினார்கள். மத்தியானத்தில் பிள்ளைகள் சூழ உட்காருகிறவர், அதன்பின் பாத்திரங்களோடு தனியே உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னல் வழியே பார்ப்பேன்.

ஒருமுறை, "நான் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன் அக்கா" என்றேன்.

"விடுங்க டீச்சர். நீங்க பிள்ளைக முன்னால நிக்கணும். என்னைய அடுப்பா ஏசப்போகுது?"

அதையே சாக்காக வைத்துக்கொண்டு பதினோரு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

சுகன்யா இப்போது பெங்களூரில் படிக்கிறாள். போனில் செய்தி சொன்னதும் அழுதாள். அழுது முடித்து, "இனிமேயாவது சொல்லிரும்மா" என்றாள்.

சொல்கிறேன். நீவியவள் நான். தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். உங்கள் பிள்ளைகள்மேல் படக்கூடாது என்று நீங்கள் விலக்கிய கைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது. அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது என் மகளை. பதிலுக்கு நான் அவருக்குக் கொடுத்தது பதினோரு வருடத் தனிமை. அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.