முன் அட்டையில் இரண்டு பெயர்கள்

2007 ஜூலை 28, சனிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மழை இல்லை, ஆடிக்காற்று மட்டும் புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான், சிவகாசியில் தம் வாடகை வீட்டில், என் தம்பி ஐம்பத்தெட்டாம் வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு அவர் எழுத வேண்டியதை அவருக்கு நான் எழுதுகிறேன்.

இந்த முதலாண்டு நினைவு மலரின் முன் அட்டையில் இரண்டு பெயர்களைப் பார்த்து உறவினர் சிலர் அச்சுப்பிழை என்று நினைக்கலாம். பிழை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். முதல் பெயர் ஆமத்தூரில் எங்கள் பெற்றோர் வைத்தது. இரண்டாவது, தம்பி வரைந்த காலண்டர் படங்களின் அடியில் இருந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினாறு வயதில் சிவகாசி அச்சகம் ஒன்றில் மை கலக்கச் சேர்ந்தார். இருபத்திரண்டாம் வயதில் அவர் வரைந்த முதல் லட்சுமி படம் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. பெயர்தான் பிடிக்கவில்லை.

"படம் நல்லாருக்கு தம்பி. பேருதான் களத்துமேட்டுல நிக்குது. பூசை ரூம்ல மாட்டுறவுக இந்தப் பேரப் பாத்தா எந்த ஊரு, என்ன ஆளுகன்னு கேப்பாக."

முதலாளியே பட்டணத்துப் பெயர் ஒன்றை வைத்தார். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். தம்பி சரி என்றார். காலண்டர் வீட்டுக்கு வந்தபோது எங்களைப் பெற்ற ஐயா, பெயரை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "படம் நீ போட்டதுதான? அப்பொறம் இது எவன் பேருலே?" என்றார். தம்பி சிரித்துக்கொண்டே காலண்டரை ஆணியில் மாட்டினார்.

அந்தப் பெயரின் சம்பளத்தில்தான் இரண்டு திருமணங்களும் நடந்தன. தம்பி கடன் வாங்கியதில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. ஒருமுறை சாத்தூர் சேவுக் கடையில் அவர் படம் தொங்கியது. வரைந்தவர் மெட்ராஸ்காரர், பெரிய ஆள் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்ல, "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு அரைக் கிலோ காரச்சேவு வாங்கிவந்தார். நான்தான் இரண்டு நாள் பொருமினேன்.

2001-இல் கம்பெனி கம்ப்யூட்டரில் படம் செய்யத் தொடங்கியது. வேறு ஆட்கள் செய்த படங்களிலும் அதே பெயர். கையால் வரைவதிலாவது என் பெயரைப் போடுங்கள் என்று தம்பி கேட்டார், முடியாது என்றார்கள். வேறு கம்பெனிக்குப் போய்ச் சொந்தப் பெயரில் இரண்டு சீசன் வரைந்தார். காலண்டர் ஆர்டர் கொடுக்கும் ஏஜென்டுகள் யாரோ புது ஆள் என்று மாதிரி ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். பழைய இடத்துக்கே திரும்பினார். அன்று என்னிடம் சொன்னார்: "அந்தப் பேரு இல்லாம எனக்கு வேல இல்ல. நான் இல்லாமலும் அந்தப் பேருக்கு வேல இருக்குண்ணே."

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்ட பிறகும் படுக்கையில் சாய்ந்தபடி வரைந்தார்.

அவர் மறைந்த மூன்றாம் நாள் கம்பெனி மேனேஜர் மாலையோடு வந்தார். ஆடிப்பெருக்கன்றுதான் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதைப் பார்த்துத்தான் ஏஜென்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். அதற்கு நான்கு நாளே இருந்தது.

"தப்பா எடுத்துக்கிடாதீக ஐயா. கருமாதி விளம்பரத்துல அந்தப் பேரு வேணாம். அது கம்பெனி பேரு. அது சாகல" என்று சொல்லி, இருபத்தைந்தாயிரம் ரூபாய் இருந்த உறையை வைத்தார்.

தம்பியின் மகன் அதே கம்பெனியில் பைண்டிங் பிரிவில் இருந்தான். அவன் வேலையை நினைத்து, சொந்தப் பெயர் மட்டும் போதுமே என்றேன். தம்பி மனைவி உறையைத் தொடவில்லை.

"சொந்தப் பேருக்கு நாம அழுதாச்சு அத்தான். அந்தப் பேருக்கு அழுகுறவுக எங்கனயோ இருப்பாகள்ல. அவுகளுக்கு யாரு சொல்றது?"

மகனும் தலையசைத்தான். உறையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆகஸ்ட் முதல் தேதி இரண்டு பெயரோடும் விளம்பரம் வந்தது. மறுநாளே, இனி வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

கருமாதிக்கு நாங்கள் அறியாதவர்கள் பதினேழு பேர் வந்தார்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர் தம்பியின் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவுகதானா அவரு" என்று மட்டும் கேட்டார்.

இவ்வாண்டுக் காலண்டரிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அதைக் காட்டி, உயிரோடு இருப்பவரையா சாகடித்தீர்கள் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் இந்த மலரை அனுப்புகிறேன்.

கடைசி ஐந்து மாதம் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், பந்தலுக்குக் காசு வாங்காத அடுத்த வீட்டாருக்கும், முகம் தெரியாமல் வந்த அந்தப் பதினேழு பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

பத்திரிகை விளம்பரம் ஆறாயிரத்து நானூறு. மகனுக்கு மறுவேலை கிடைக்கும்வரை ஏழு மாதம் என் பென்ஷனிலிருந்து கொடுத்தது இருபத்திரண்டாயிரத்து நானூறு. சிவகாசியை விட்டு விருதுநகரில் அச்சடித்த இந்த மலர் நாலாயிரத்து ஐந்நூறு. திருப்பிக் கொடுத்த உறையையும் சேர்க்கச் சொல்கிறாள் என் மனைவி, நான் சேர்க்கவில்லை. தம்பியின் இரண்டு பெயரும் ஓரிடத்தில் அச்சாக ஆன செலவு, முப்பத்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.